ஆசானில்லாத வாளும் திறக்காத ஏடும்

சனவரி நடுவில் மலையேற்றப் பருவம் தொடங்கிவிட்டால் போனக்காட்டுக்கு ஆள்வரவு கூடிவிடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், விதுரையைத் தாண்டி மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்ட ஊர் அது. பிரித்தானியர் காலத்துத் தொழிற்சாலை பல ஆண்டுகளாக ஓடவில்லை. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் சில இன்னும் லயங்களில் வாழ்கின்றன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்குப் போகிறவர்கள் இங்கிருந்து புறப்பட்டு, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சியில் உள்ள அகத்தியர் சிலையை வணங்கித் திரும்புகிறார்கள். காணொளிகளில் இந்த ஊர் பெரும்பாலும் ஒரு ‘பேய் பங்களா’வின் பெயரால்தான் அறியப்படுகிறது.

அந்தக் காணொளிகளில் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. தென் திருவிதாங்கூரிலும் கன்னியாகுமரியிலும் அடிமுறை, வர்மக்கலை, தெக்கன் களரி என்ற பெயர்களில் வழங்கும் போர்க்கலையின் ஆசான்கள், தங்கள் கலையின் முதல் ஆசானாக அகத்தியரையே சொல்கிறார்கள். வடகேரளக் களரி மரபு பரசுராமரைச் சொல்வதுபோல, தெற்கின் மரபு இந்த மலையைக் காட்டுகிறது. இது வரலாற்றுச் சான்று அன்று, மரபின் நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கையோடு சேர்ந்து ஏட்டுச் சுவடிகள் உண்டு. அவற்றைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அசைவுகளை உடம்பில் வைத்திருக்கும் முதியவர்கள் உண்டு. இத்தனையும் இருந்தும் இந்தக் கலையைப் பற்றி நம்பகமான ஒரு கலைச்சொல் அகராதிகூடப் பரவலாகக் கிடைக்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது. இந்தக் கவலையின் அளவு புரிய, எல்லாவற்றையும் இழந்த பின்னர் தொடங்கிய வேறொரு கூட்டத்தைப் பார்ப்பது உதவும்.

ஐரோப்பாவில் இடைக்கால வாட்போரைக் கற்றுத்தர இன்று ஒரு ஆசானும் இல்லை. நீள்வாளின் ஆசிரிய-மாணவத் தொடர் நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்துவிட்டது. துப்பாக்கி வந்தது, போர்முறை மாறியது. எஞ்சிய வாட்பயிற்சி பிரபுக்களின் தனிப்போராகவும், பிறகு ஒலிம்பிக் விளையாட்டாகவும் சுருங்கியது. ஆனாலும் இன்று பல நாடுகளில், வாரக் கடைசியில் ஆணும் பெண்ணும் முகக்கவசமும் திண்டுச் சட்டையும் அணிந்து, முனை மழுங்கிய எஃகு வாள்களோடு 15ஆம் நூற்றாண்டுப் பயிற்சியைச் செய்கிறார்கள். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 2006 முதல் இதற்கெனப் போட்டி நடந்துவருகிறது. அவர்களுக்கு ஆசானாக அமைந்தவை சுவடிகள் மட்டுமே.

அந்தச் சுவடிகளில் மிகப் பழையது இங்கிலாந்தின் லீட்சு நகர அரச ஆயுதக் காட்சியகத்தில், ஐ.33 என்ற அடைவு எண்ணோடு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பர். ஒரு பாதிரியாரும் மாணவரும் வாளும் சிறு கேடயமும் ஏந்திப் பயிலும் ஓவியங்கள் அதில் பக்கம்தோறும் உள்ளன. இறுதிப் பக்கங்களில் மாணவர் இடத்தில் வால்பர்கிசு என்ற பெண் நிற்கிறார். மொழியியலாருக்குச் சுவையான செய்தி வேறு: சுவடியின் மொழி இலத்தீன், ஆனால் நிலைகளுக்கும் வீச்சுகளுக்கும் உரிய சொற்கள் சில செர்மன். எழுதியவர் கற்றோர் மொழியில் எழுதினாலும் கலையின் சொல்லைப் பயிற்சிக்களத்தில் வழங்கியபடியே விட்டிருக்கிறார்.

இதைவிடத் தமிழருக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடியது யோகானசு லீக்டனாவரின் மரபு. 14ஆம் நூற்றாண்டுச் செர்மன் வாளாசான் இவர். தம் கலை முழுவதையும் மனப்பாடம் செய்யத்தக்க செய்யுளாகச் சுருக்கினார். செய்யுள் வேண்டுமென்றே மறைபொருளாக அமைந்தது. தகுதியற்றவர் கையில் கலை போய்ச் சேரக்கூடாது என்பது நோக்கம். பிறகு வந்த சிக்மண்டு ரிங்கெக் போன்றவர்கள் அந்தச் செய்யுளுக்கு அடியடியாக உரை எழுதினார்கள். மூலம் மறைபொருள், உரை விளக்கம். நூற்பாவும் உரையும், பரிபாசையும் அதன் திறவுகோலும் என்று பழகிய தமிழ் மாணவருக்கு இந்த அமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அதன் சொற்களும் மண்ணிலிருந்து வந்தவை: நான்கு அடிப்படைக் காப்பு நிலைகளில் ஒன்றின் பெயர் ‘எருது’, இன்னொன்று ‘ஏர்’. தலையருகே வாளைத் தூக்கி, முனை எதிரியின் முகத்தை நோக்க நிற்பது எருது. கொம்பை நினைத்தால் நிலை நினைவுக்கு வரும். வடக்கன் களரியில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, மயில் என்று வடிவுகள் பெயர் பெற்றதும் இதே வழியில்தான்.

மீட்டவர்களின் வேலைமுறை எளியது, ஆனால் கண்டிப்பானது. முதலில் சுவடியின் எழுத்தைப் படி எடுக்கிறார்கள். பிறகு மொழிபெயர்க்கிறார்கள். பிறகு இருவர் களத்தில் நின்று, சொன்னபடி செய்தால் வாள் எங்கே போகிறது, எதிரியின் வாள் எங்கே வருகிறது என்று பார்க்கிறார்கள். மூலத்தில் சொல்லப்படாத இடைவெளியைத் தாங்களே நிரப்பினால், அதை ‘விளக்கம்’ என்று பெயரிட்டுத் தனியே சொல்கிறார்கள். ஒரே வீச்சுக்கு இரண்டு கழகங்கள் இரண்டு விளக்கம் தருவது சாதாரணம். எது சரி என்பதற்கு இருவரும் மூலத்தின் அடியைக் காட்ட வேண்டும். படிகளும் மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஆகவே ‘எங்கள் பாட்டனார் இப்படித்தான் செய்தார்’ என்று சொல்லித் தப்பிக்க அங்கு வழியில்லை; அவர்களுக்கு அப்படியொரு பாட்டனாரும் இல்லை.

இந்த ஒழுங்கு முதல் முயற்சியிலேயே வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எகர்டன் காசில், ஆல்பிரட் அட்டன் ஆகியோர் பழைய வாட்கலையை ஆராய்ந்தார்கள். மேடையில் செய்தும் காட்டினார்கள். காசிலின் நூல் 1885இல் வந்தது. ஆனால் இடைக்காலத்தவர் முறையறியாமல் வலிமையால் மட்டும் வெட்டிக்கொண்டவர்கள், தம் காலத்து வாள்விளையாட்டே கலையின் முதிர்ச்சி என்ற முன்முடிவோடு அவர் பழைய நூல்களை அணுகினார். 1910இல் அட்டன் மறைந்தபின் அந்த முயற்சியும் ஏறத்தாழ அடங்கியது. 1990களில் மீண்டும் தொடங்கியவர்கள் முன்முடிவை விட்டுவிட்டுச் சுவடியைச் சுவடியாகப் படித்ததனால்தான் வேறொரு முடிவுக்கு வந்தார்கள்: இடைக்கால வாட்போர் நுட்பமான, வரையறுத்த, ஆசான் வழிப்பட்ட கலை.

இனி அகத்தியர் மலையின் அடிவாரத்துக்குத் திரும்பலாம். இங்கே ஆயுதம் வீழ்ந்த கதையில் சட்டத்திற்குப் பெரிய பங்கு உண்டு. பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801இல் தென்தமிழகத்தில் கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பழசிராஜாவின் கிளர்ச்சியை ஒட்டி மலபாரில் ஆயுதம் வைத்திருப்பது தடுக்கப்பட்டது. 1878 ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் அதை விரித்தது. அப்படியும் கலை அறுபடவில்லை. கம்பிலும் வெறுங்கையிலும் மருத்துவத்திலும் அது ஒதுங்கி வாழ்ந்தது.

வடக்கின் மீட்சி பலரும் அறிந்தது. கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவருடைய மாணவர் சி. வி. நாராயணன் நாயரும் தலசேரிப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வடக்கன் களரியை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். நாராயணன் நாயரின் பெயரைத் தாங்கிய சி.வி.என். களரி 1956இல் திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டையில் நிறுவப்பட்டது. அந்த மீட்சியாளர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அதன் விளைவு ஒன்றையும் கவனிக்க வேண்டும். தெற்கின் தலைநகரிலேயே ‘களரி’ என்றால் வடக்கன் முறை என்று பொருளாயிற்று. நகரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் வாழும் தெக்கன் மரபு அதன் நிழலில் நின்றது.

அதே 1956இல் நவம்பர் 1ஆம் நாள் இன்னொன்றும் நடந்தது. மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் போனக்காடு அடங்கிய நெடுமங்காடும் கேரளத்தில் நின்றன. ஆசான்களின் வீடுகள் எல்லையின் இருபுறமும் இருந்தன. அன்றிலிருந்து ஒரே கலைக்கு ஒருபுறம் தெக்கன் களரி என்றும் மறுபுறம் அடிமுறை, வர்மக்கலை என்றும் பெயர் நிலைபெற்றது. கேரள விளையாட்டுக் கழகத்தின் 1958ஆம் ஆண்டு அங்கீகாரம் களரிப்பயற்றுக்குக் கிடைத்தது. தமிழகத்தில் அரசின் கண் பெரும்பாலும் சிலம்பத்தின் மேல் விழுந்தது. வர்மத்தின் மருத்துவப் பகுதி சித்த மருத்துவப் பாடத்துள் சென்றது. போர்ப்பகுதிக்கு நிறுவன இடம் கிடைக்கவில்லை. ஒரே உடம்பின் அறிவு இரண்டு மாநிலம், இரண்டு துறை, மூன்று பெயர் என்று பிரிந்துகிடக்கிறது.

சொற்கள் மட்டும் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. மலையாளப் ‘பயற்று’ தமிழின் ‘பயிற்று’. காலடி வைப்புக்குப் பெயரான ‘சுவடு’ தமிழில் கால் பதிந்த தடம். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்பவை பொருள் கேட்காமலே விளங்கும். வடக்கே குருக்கள் என்பவர் தெற்கே ஆசான். ‘அடி’ என்ற சொல் தாக்குவதையும் பாதத்தையும் ஒருங்கே குறிக்கிறது. தாக்குதல் காலிலிருந்து எழுகிறது என்று கற்பிக்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. ‘களரி’யைச் சமற்கிருதக் ‘கலூரிகா’விலிருந்து வந்ததாகச் சொன்ன பழைய கருத்தைத் திராவிட மொழியியலறிஞர் டி. பர்ரோ மறுத்து, சமற்கிருதச் சொல்தான் திராவிடத்திலிருந்து சென்றது என்று வாதிட்டார். உடலின் உயிர்நிலைகளைக் கணக்கிடுவதிலும் மரபுகள் வேறுபடுகின்றன: சுசுருதர் மரபில் மர்மம் 107, தெற்கின் ஏடுகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆகமொத்தம் 108. இது வெறும் எண்ணிக்கை வேறுபாடு அன்று. இரண்டும் வெவ்வேறு வகைப்பாட்டு முறைகள். எந்த ஏட்டில் எந்த வர்மம் எந்தப் பெயரில் எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே, இம்மரபின் கிளைகள் பிரிந்த வழி ஓரளவு தெரியவரும்.

அந்த ஒப்பீடுதான் நடக்க வேண்டிய அளவுக்கு நடக்கவில்லை. அகத்தியர் பெயரில் வர்மக் கண்ணாடி, ஒடிவுமுறிவு சாரி முதலான நூல்கள் அச்சில் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பதிப்புகள் கிடைத்த ஏடு ஒன்றை அப்படியே அச்சிட்டவை. பாடவேறுபாடு காட்டி, ஏட்டின் வரலாறு சொல்லி, வட்டார வழக்குக்கு உரை தந்து பதிப்பிக்கும் முறை உ. வே. சாமிநாதையர் காலத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டது. சங்க இலக்கியத்துக்குக் கிடைத்த அந்தப் பதிப்பொழுக்கம் வர்ம ஏட்டுக்கு மறுக்கப்பட்டதற்கு, அது கற்றோர் அவையின் நூலாக அன்றி, பெரும்பாலும் நாடார் முதலான உழைக்கும் சமூகத்து ஆசான்களின் கைநூலாக இருந்ததும் ஒரு காரணமாகலாம்.

பதிப்பு இல்லாத இடத்தைப் பெருமிதம் நிரப்புகிறது. உலகின் எல்லாப் போர்க்கலைக்கும் தாய் இதுவே, போதிதருமர் இங்கிருந்து சீனத்துக்கு எடுத்துச் சென்றார் என்ற பேச்சு, 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பிறகு பள்ளிக்கூட மேடை வரை வந்துவிட்டது. போதிதருமரைச் சாவோலின் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் முதன்மைச் சான்றாகக் காட்டப்படும் யிசின் சிங் என்ற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், அதன் பழைமை காட்டும் முன்னுரைகள் போலி என்றும் சீனத்திலும் சப்பானிலும் ஆய்வாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். இந்தக் கதை பொய்யாகிப் போனால் அடிமுறைக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் கதையை மட்டும் கற்ற தலைமுறை, கதை உடையும் நாளில் கலையையும் சேர்த்து எறிந்துவிடக்கூடும். காசில் தம் காலத்தை உயர்த்தப் பழைமையைத் தாழ்த்தினார். இங்கே பழைமையை அளவின்றி உயர்த்துகிறார்கள். இரண்டிலும் ஏடு படிக்கப்படுவதில்லை.

இதற்கு ஆசான்கள் தரப்பில் நியாயமான மறுமொழிகள் உண்டு. முதலாவது: உயிருள்ள ஆசான் இருக்கையில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பியரைப் போல ஏன் தடவ வேண்டும்? உண்மை, எழுத்தில் வராதவை பல. கையழுத்தத்தின் அளவு, மூச்சின் காலம், எதிரியின் தோள் அசையும் முன்னரே கால் நகர்வது ஆகியவற்றை எந்தச் செய்யுளும் சொல்லாது. ஐரோப்பிய மீட்பாளர்கள் இழந்ததாக ஏங்குவதும் இதையேதான். ஆனால் அந்த அறிவு முதியவர்களின் உடம்பில் இருக்கிறது என்பதே அவசரத்துக்குக் காரணம். ஏடு இன்னும் நூறாண்டு இருக்கலாம். எண்பது வயது ஆசானுக்கு அந்த உறுதி கிடையாது.

இரண்டாவது: வர்மம் ஆபத்தானது, எல்லோருக்கும் திறந்துவிட முடியாது. லீக்டனாவர் சொன்னதும் இதுதான். ஒரு வரையறையோடு இதை ஏற்கலாம். உயிர்நிலைகளின் தாக்குமுறையை மறைத்துவைத்துக்கொண்டே, சுவடுகளையும் கம்பு முறைகளையும் ஆணைச் சொற்களையும் சிகிச்சைச் சொற்களையும் பதிவு செய்ய முடியும். மறைக்க வேண்டியது எது என்று ஆசான்களே வரையறுக்கலாம். எல்லாவற்றையும் மறைப்பது பாதுகாப்பு ஆகாது. கற்றவர் மறையும்போது மறைபொருளும் உடன் போய்விடும்.

மூன்றாவது மறுமொழிதான் வலுவானது: திறந்துகொடுத்தால் பிறர் எடுத்து விற்பார்கள். மசாச்சு நிலையங்களும் சுற்றுலா விடுதிகளும் ‘வர்மா’ என்று பலகை மாட்டுவதைப் பார்க்கும் ஆசானின் அச்சம் வீணானது அன்று. இதற்கு விடை இதே மலையில் கிடைக்கிறது. 1987இல் அகத்தியர் மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்களுக்கு, களைப்பு நீக்கும் ஒரு செடியைக் காணிக்காரர்கள் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்பட்ட அந்தச் செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் ‘சீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உற்பத்தி உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்குச் சேர வேண்டும் என்று முடிவாகி, அதற்கென அவர்களுடைய அறக்கட்டளையும் 1997இல் அமைந்தது. நடைமுறையில் குறைகள் நேர்ந்தன. ஆனாலும் மரபறிவை வைத்திருப்பவரைப் பங்காளியாக்கும் வழி உண்டு என்று உலகுக்குக் காட்டிய தொடக்ககால முன்மாதிரிகளில் அதுவும் ஒன்று. ஒரு செடிக்குச் செய்ய முடிந்ததை ஒரு கலைக்கும் செய்யலாம்: பதிவின் உரிமை ஆசானின் குடும்பத்துக்கு, பெயர் ஆசானுக்கு, பயன்பாட்டு வருவாயில் பங்கு மரபுக்கு.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் உள்ள வர்ம, சிலம்ப ஏடுகளுக்கு ஒருங்கிணைந்த ஓர் அட்டவணை. எல்லையின் இருபுறத்து ஆசான்களின் பயிற்சிகளை, அவர்கள் வாயால் சொல்லும் சொற்களோடு சேர்த்துக் காணொளியாகப் பதிவது. அச்சொற்களுக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் பொருளும் படமும் தரும் அகராதி. ஏட்டில் உள்ளது எது, ஆசான் வாய்மொழி எது, பதிப்பாசிரியரின் ஊகம் எது என்று மூன்றையும் தனித்தனியே குறித்துக்காட்டும் பதிப்பு. கடைசியாகச் சொன்ன அந்தப் பிரிப்புதான் வாள்மீட்பாளர்களிடமிருந்து கற்க வேண்டிய முதன்மைப் பாடம். ‘இது தெரியவில்லை’ என்று அச்சில் எழுதும் துணிவு அவர்களுக்கு இருப்பதால்தான், அவர்கள் தெரிந்தது என்று சொல்வதை நம்ப முடிகிறது.

இன்னொரு எச்சரிக்கையையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். போட்டி வந்தபின் பலர் சுவடியை மூடிவிட்டுப் புள்ளி எடுக்கும் வீச்சுகளை மட்டும் பயில்கிறார்கள் என்ற மனக்குறை அவர்களிடையே உண்டு. மைய அரசின் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயற்று சேர்க்கப்பட்டது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்தபோது சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இது மகிழ்ச்சிக்குரியதே, பிள்ளைகள் கம்பெடுக்கச் சான்றிதழும் வேலைவாய்ப்பு ஒதுக்கீடும் உதவுகின்றன. ஆனால் தொட்டால் புள்ளி என்ற விதிக்குள் அடங்காத பகுதிகள் பதிவாகாமலே நின்றுவிட்டால், அடுத்த தலைமுறை போட்டி விதிப்புத்தகத்தையே மரபு என்று எடுத்துக்கொள்ளும்.

போனக்காட்டில் மலையேறக் காத்திருப்போரில் தமிழும் மலையாளமும் பேசுவோர் கலந்தே நிற்கிறார்கள். உச்சியில் இருப்பவர் இருமொழியாருக்கும் ஒரே முனிவர். அவர் பெயரால் வழங்கும் ஏடுகளை இரு மாநிலங்களும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை. எல்லைக்கு இருபுறமும் உள்ள இரண்டு பல்கலைக்கழகத் துறைகளும் நான்கைந்து ஆசான்களும் ஒப்புக்கொண்டால் போதும். அடுத்த மலையேற்றப் பருவத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம்.